சிறுநீர்ப்பையில் வெள்ளைத் திட்டு: கண்டுபிடிப்பதும், ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பதும்

செருப்பு கடித்த இடத்தில் காய்ப்பு ஏறுவதைப் பார்த்திருப்போம். ஒரே இடத்தில் உரசல் ஓயாமல் இருந்தால் தோல் தடித்து, வெளுத்து, மேலே செதில் கட்டும். ஏறக்குறைய அதே வேலை சிறுநீர்ப்பைக்குள்ளும் நடப்பதுண்டு. பையின் உட்சுவர் தோல் அல்ல. விரிந்து சுருங்கவும் சிறுநீர் ஊறாமல் தடுக்கவும் வாகான யூரோதீலியம் என்ற மெல்லிய அடுக்கு. கல், ஓயாத கிருமித்தொற்று, சிறுநீரை வடிக்க மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் கதீட்டர் குழாய் இவற்றால் அந்த அடுக்கு புண்பட்டுக்கொண்டே இருந்தால், செல்கள் தோலின் செல்களைப் போலத் தட்டையாக மாறும். அதன்மேல் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் படியும். சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி ரிப்போர்ட்டில் இதைக் ‘கெரட்டினைசிங் ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா’ என்று எழுதுவார்கள். பழைய பெயர் லூக்கோபிளேக்கியா, அதாவது வெள்ளைத் திட்டு.

இது அரிய நோய். புற்றுநோய் அல்ல. ஆனால் இது உள்ள சிலருக்கு, அதே சமயத்திலோ பல ஆண்டுகள் கழித்தோ, பையில் புற்றுநோய் வந்திருக்கிறது. அதிலும் தட்டைச் செல்களில் வரும் ஸ்குவாமஸ் வகை அதிகம். திட்டே புற்றாக மாறுகிறதா, இல்லை திட்டையும் புற்றையும் உண்டாக்குவது ஒரே நெடுநாள் எரிச்சலா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பழைய ஆய்வுகள் ஆபத்தைப் பெரிதாகச் சொல்லின. பின்னால் வந்தவற்றில் சில அவ்வளவு இல்லை என்றன. இந்த வாதம் எப்படி முடிந்தாலும் நோயாளி செய்ய வேண்டிய வேலை மாறாது. திட்டு எங்கே, எவ்வளவு, எடுத்த சதை போதுமான ஆழமா, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வித்தியாசம் என்ற நான்கையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பேரேடும் ஐந்தொகையும் பழகிய செட்டிநாட்டுக்கு இது புதிதில்லை. முந்தைய ஆண்டின் கணக்கு கையில் இல்லாமல் இந்த ஆண்டின் கணக்கை யாராலும் சரிபார்க்க முடியாது.

பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா’ என்ற இரண்டு சொல் மட்டும் இருந்தால் பதற்றம் வேண்டாம். கெரட்டின் இல்லாத வகை ஒன்று உண்டு. பெண்களுக்கு, சிறுநீர்ப்பையின் அடிப்பக்கத்தில் டிரைகோன் என்ற முக்கோணப் பகுதியில், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தாக்கத்தால் வருவது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் மிகப் பலருக்கு இது இருக்கும். பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராவில் வெளிறிய, கொஞ்சம் மேடுபள்ளமான திட்டாகத் தெரியும். இதற்கு மருந்தும் வேண்டாம், ஆண்டுதோறும் கேமராவும் வேண்டாம். இதைப் புற்றுக்கு முந்தைய நிலையாக யாரும் கருதுவதில்லை. ரிப்போர்ட்டில் ‘கெரட்டினைசிங்’ என்ற சொல் இருக்கிறதா, ‘நான்-கெரட்டினைசிங்’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் இல்லாமல் மொட்டையாக எழுதியிருந்தால், எந்த வகை என்று, சதையைப் பரிசோதித்த பேத்தாலஜிஸ்டிடம் எழுதி வாங்குவதே அடுத்த வேலை. அந்த ஒரு சொல்லால் பத்து வருடக் கண்காணிப்பு தேவையா இல்லையா என்பது முடிவாகிவிடும்.

இன்னொரு குழப்பம் இதைவிடச் சாதாரணம். யூரின் ரொட்டீன் ரிப்போர்ட்டில் ‘ஸ்குவாமஸ் எபிதீலியல் செல்ஸ்’ என்று வரும். அது பெரும்பாலும் வெளித்தோலிலிருந்தோ பெண்ணுறுப்பிலிருந்தோ மாதிரியில் கலந்தது. சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு இந்த நோயைத் தேடி அலைய வேண்டாம்.

யாரைச் சந்தேகிக்க வேண்டும்

வெயில் காலத்தில் காரைக்குடி, தேவகோட்டை, சிங்கம்புணரிப் பக்கம் நீர்க்கடுப்பு என்றால் ‘உடம்பு சூடு’ என்பார்கள். மோர், இளநீர், நன்னாரி, ஊற வைத்த வெந்தயம். நாலு நாளில் சரியாகிவிட்டால் அது சூடாகவே இருந்துவிட்டுப் போகட்டும். சரியாகாமல் மருந்துக்கடையில் ‘மூணு நாள் மாத்திரை’ வாங்கி, அடுத்த மாதம் திரும்ப வாங்கி, அதற்கடுத்த மாதம் வேறு மாத்திரை வாங்கி என்று ஓடினால் கதை வேறு. கீழ்க்கண்டவர்களுக்கு நெடுநாள் எரிச்சல் இருந்தால் கேமரா பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது:

தண்டுவடத்தில் அடிபட்டோ வேறு காரணத்தாலோ பல ஆண்டுகளாகக் கதீட்டரோடு இருப்பவர்கள். பத்து ஆண்டைத் தாண்டியவர்கள் இதில் முதலிடம்.

சிறுநீர்ப்பையில் கல் திரும்பத் திரும்ப வருபவர்கள். புராஸ்டேட் அடைப்பால் பை முழுதாகக் காலியாகாத பெரியவர்கள்.

பிறவியிலேயே பை வெளியே திறந்திருந்து அறுவை செய்துகொண்டவர்கள், பையிலிருந்து வேறு உறுப்புக்கு ஓட்டை விழுந்தவர்கள்.

வேலைக்காக ஆப்பிரிக்காவில் இருந்து, ஏரியிலோ ஆற்றிலோ இறங்கிக் குளித்தவர்கள். அங்கே நன்னீரில் இருக்கும் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணி சிறுநீர்ப்பையைத் தாக்கும். அக்காலத்தில் கொண்டுவிற்கப் போன பர்மாவிலும் மலாயாவிலும் பையைத் தாக்கும் இந்த வகை கிடையாது. ஆகவே தாத்தா பினாங்கில் இருந்தார் என்பது இங்கே கணக்கில் வராது. இன்று நைஜீரியா, தான்சானியா, சூடான் என்று போய்வரும் பேரன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புகைப்பிடிப்பவர் என்றால் இவை எல்லாவற்றின் மேலும் ஒரு படி எச்சரிக்கை கூடுதல்.

அறிகுறி தனித்துவமாக இருக்காது. அடிக்கடி போவது, அடக்க முடியாமை, எரிச்சல், அடிவயிற்று வலி, சில சமயம் ரத்தம். ஒன்றே ஒன்று கவனிக்கத் தக்கது: சிறுநீரில் வெள்ளை வெள்ளையாகச் செதில் வருவது. எல்லோருக்கும் வராது. வந்தாலும் ஆண்கள் ‘தாது போகுது’ என்றும், பெண்கள் ‘வெள்ளைப்படுது’ என்றும் நினைத்து வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். சளியாக இழுபடாமல், மீன் செதில் போல உடையும் துணுக்குகள் அடியில் தங்கினால் குப்பியோடு டாக்டரிடம் காட்டலாம்.

சிறுநீர்ப் பரிசோதனை: ஒரே குப்பி எல்லாவற்றுக்கும் ஆகாது

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. வாங்குபவர் ‘யூரின் பிடிச்சுட்டு வாங்க’ என்று மட்டும் சொல்கிறார். கொடுப்பவர் கையில் கிடைத்த நேரத்தில் பிடிக்கிறார். மூன்று பரிசோதனைக்கு மூன்று முறை உண்டு.

கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க: மறைவிடத்தை வெறும் தண்ணீரில் கழுவி, முதல் தாரையை விட்டுவிட்டு, நடுத்தாரையை லேப் கொடுத்த மூடியுள்ள கிருமிநீக்கிய குப்பியில் பிடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேப் போக வேண்டும். சிங்கம்புணரியிலிருந்து பஸ் ஏறி மே மாத வெயிலில் காரைக்குடி வந்து சேர்வதற்குள் குப்பிக்குள் கிருமி பலமடங்கு பெருகிவிடும். இல்லாத தொற்றுக்கு மாத்திரை எழுதப்படும். உடனே கொடுக்க வழியில்லை என்றால் ஐஸ்கட்டி போட்ட தெர்மாஸில், குப்பியைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்துக் கொண்டுபோங்கள். அதைவிட எளிது, லேப் வாசலுக்குப் போய் அங்கேயே பிடிப்பது. கதீட்டர் உள்ளவர்கள் வெளியே மாட்டிய பிளாஸ்டிக் பையில் தேங்கியதைக் கொடுக்கவே கூடாது. பழைய டியூபை மாற்றி, புதிய டியூப் வழியாக வரும் சிறுநீரைக் கொடுக்க வேண்டும். பழைய டியூபின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் கிருமி வேறு, சிறுநீர்ப்பையில் உள்ளது வேறாக இருக்கலாம்.

காசநோய் பரிசோதனைக்கு: விடியற்காலை முதல் சிறுநீர், மூன்று நாள் தொடர்ந்து. நம் ஊரில் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீரில் சீழ் செல்கள் நிறைய இருந்தும் சாதாரண கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால் முதலில் நினைக்க வேண்டியது சிறுநீர்ப் பாதைக் காசநோய். அதுவும் பையைச் சுருக்கும், அடிக்கடி போக வைக்கும், ரத்தம் வரச்செய்யும். அரசு மருத்துவமனைகளில் செய்யப்படும் சிபிநாட் சோதனை சிறுநீரிலும் செய்யலாம். ஆனால் அது நெகட்டிவ் என்றால் காசநோயே இல்லை என்று பொருளல்ல.

சைட்டாலஜிக்கு, அதாவது சிறுநீரில் உதிர்ந்த செல்களைப் பார்க்க: விடியற்காலைச் சிறுநீர் வேண்டாம். இரவெல்லாம் பைக்குள் ஊறிய செல்கள் சிதைந்திருக்கும். காலையில் ஒருமுறை போய்விட்டு, தண்ணீர் குடித்து நடமாடி, இரண்டாவது முறை வருவதைப் பிடித்து உடனே கொடுக்க வேண்டும். ஒரே நாளில் காசநோய்க்கும் சைட்டாலஜிக்கும் கொடுப்பதானால் முதல் குப்பி அதற்கு, இரண்டாவது குப்பி இதற்கு. கரு இல்லாத செதில் செல்கள் கூட்டமாகத் தெரிந்தால் இந்த நோயின் பக்கம் சந்தேகம் திரும்பும். சைட்டாலஜி நார்மல் என்பதை மட்டும் வைத்து விட்டுவிட முடியாது. ஸ்குவாமஸ் வகைப் புற்றை அது பலமுறை தவறவிடும்.

ரொட்டீனில் பார்க்க வேண்டியவை இரண்டு. மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைப் புலத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் சிவப்பணு இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத ரத்தப்போக்கு. மாதவிலக்கு நாளில் கொடுத்த மாதிரி செல்லாது. இன்னொன்று பி.எச். அது தொடர்ந்து காரமாகவே இருந்தால் யூரியாவை உடைக்கும் கிருமி உள்ளே இருக்கலாம். அது சுவரில் சுண்ணாம்பு படிய வைத்து வெள்ளைத் திட்டு போலவே கேமராவில் தெரியும்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாளும், ரிஃபாம்பிசின் மாத்திரை எடுக்கும்போதும் நிறம் மாறும். அதை ரத்தம் என்று நினைத்து ஓட வேண்டாம். ஆனால் ‘பீட்ரூட்டாத்தான் இருக்கும்’ என்று நீங்களே முடிவும் கட்ட வேண்டாம். ஒரு ரொட்டீன் பரிசோதனை பதில் சொல்லிவிடும்.

ஸ்கேன்

அல்ட்ராசவுண்டில் தட்டையான திட்டு தெரியாது. ‘ஸ்கேன் நார்மல், அப்புறம் எதுக்கு டியூப்?’ என்ற கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனாலும் ஸ்கேன் வேண்டும்: கல் உள்ளதா, பையின் சுவர் தடித்திருக்கிறதா, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, போன பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்க. பை நன்றாக நிறைந்திருந்தால்தான் சுவரின் தடிப்பை நம்பலாம். நிறைந்த பையில் சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் தடிப்பு. அரைகுறையாக நிறைந்த பையில் எல்லோருக்கும் சுவர் தடித்தே தெரியும். ரத்தம் வந்தவர்களுக்கும், சிறுநீரகம் வீங்கியவர்களுக்கும் சிறுநீர்ப் பாதை முழுவதையும் காட்டும் சி.டி. யூரோகிராம் எழுதுவார்கள். அதற்குமுன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கேமரா பரிசோதனை

சிஸ்டோஸ்கோப்பி என்ற இந்தக் கேமரா பரிசோதனை செய்யாமல் இந்த நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை எதுவும் இதற்குக் கிடையாது. காரைக்குடியிலோ சிவகங்கையிலோ முதற்கட்டச் சோதனைகளை முடித்துக்கொள்ளலாம். சதை எடுப்பதும் பேத்தாலஜியும் யூராலஜி (சிறுநீர்ப் பாதை அறுவை) துறை உள்ள பெரிய மருத்துவமனையில் நடப்பது நல்லது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் ஏறத்தாழ அதே தூரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், சேருவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் விசாரித்துவிடுங்கள். பரிசோதனைக்கு மட்டும் ஒரு விதி, அறுவையோடு சேர்ந்த பரிசோதனைக்கு ஒரு விதி என்று இருக்கலாம்.

போகும் முன்:

கல்ச்சரில் தொற்று இருந்தால் முதலில் அதற்கு மருந்து. தொற்றோடு டியூப் விட்டால் கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து ஒருபுறம். வீங்கிச் சிவந்த சுவரில் எது திட்டு, எது புண் என்று பிரித்தறிய முடியாதது மறுபுறம்.

குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்கள் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிர் விஷயம்.

தண்டுவடக் காயம் மார்பு மட்டத்திலோ கழுத்திலோ உள்ளவர்கள், குறிப்பாக முதுகுத்தண்டின் ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கு மேலே உள்ளவர்கள், அதைத் தியேட்டருக்குள் போகுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பையில் தண்ணீர் நிறையும்போது ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை பிளப்பது போல் வலி, முகத்தில் வியர்வை. கால் மரத்திருக்கிறது, வலி தெரியாது, ஆகவே மயக்க மருந்து வேண்டாம் என்று நினைப்பது பெரிய தவறு.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் வளையும் கேமரா போதும். லிக்னோகெய்ன் ஜெல்லி செலுத்திவிட்டு உடனே டியூபை விடாமல் குறைந்தது 5 நிமிடம் காத்திருந்தால் ஆண்களுக்கு வலி வெகுவாகக் குறையும். சதை எடுக்கத் திட்டமிருந்தால் முதுகில் ஊசி போட்டு வளையாத கேமராவில் செய்வதே உசிதம். எடுத்த சதையும் பெரிதாக இருக்கும், ரத்தம் வந்தால் அங்கேயே சுட்டு நிறுத்தவும் முடியும்.

திட்டு எப்படித் தெரியும்? சாம்பல் கலந்த வெள்ளையாக, ஓரம் தெளிவாக, சற்றே மேடாக, சுற்றிலும் சிவந்த சுவரோடு. பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உரிவது போல மேலே செதில் உரிந்து தண்ணீரில் மிதக்கும். இதேபோல ஏமாற்றக் கூடியவை: பூஞ்சைத் திட்டு (தட்டினால் எளிதில் பெயர்ந்துவிடும்), சுண்ணாம்பு படிந்த அழற்சி (கருவியால் தொட்டால் கரகரக்கும்), பரு போன்ற வைரஸ் வளர்ச்சி, ஆரம்பநிலை ஸ்குவாமஸ் புற்று. கடைசியாகச் சொன்னதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க எவராலும் முடியாது.

சதை எடுப்பதில் மூன்று பிழைகள்

ஒன்று, மேலோடு மட்டும் எடுப்பது. கெரட்டின் தடிமனாக இருக்கும்போது சிறிய இடுக்கியால் கவ்வினால் வருவது செதில்தான். ரிப்போர்ட் ‘கெரட்டின் மட்டும் உள்ளது’ என்று வரும். அடியில் என்ன நடக்கிறது என்பது அந்தச் சதையில் இல்லை. திட்டு தடித்திருந்தால் உட்படலமும் தசையின் ஒரு பகுதியும் வரும்படி வெட்டியெடுக்க வேண்டும். வெருக்கஸ் என்ற மெதுவாக வளரும் புற்றுவகை மேற்பரப்பில் அப்பாவியாகவே இருக்கும். ஆழமான சதை இல்லாமல் அது பிடிபடாது.

இரண்டு, ஒரே இடத்தில் எடுப்பது. திட்டின் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, சிவந்தோ மேடாகவோ தெரியும் இடத்தில் ஒன்று, தள்ளி நன்றாக இருக்கும் சுவரில் ஒன்று. குறைந்தது இந்த நான்கும் வேண்டும்.

மூன்று, எல்லாத் துண்டையும் ஒரே குப்பியில் போடுவது. நான்கில் ஒன்றில் கெட்ட செல் இருப்பதாக ரிப்போர்ட் வந்தால் அது எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குப்பி, ஒவ்வொன்றிலும் 10 சதவீத ஃபார்மலின், சதையின் அளவைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். லேபிளில் பெயர், நாள், இடம் (‘வலது பக்கச் சுவர்’, ‘டிரைகோன்’, ‘மேற்கூரை’) எழுத வேண்டும். மூடியில் எழுதக் கூடாது; மூடி மாறிவிடும். குப்பியை நோயாளியின் வீட்டார் கையில் கொடுத்து வெளி லேபுக்கு அனுப்பும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அப்படி வந்தால் உள்ளே இருப்பது ஃபார்மலினா, வெறும் சலைனா என்று கேட்டுவிடுங்கள். சலைனில் ஓர் இரவு கிடந்த சதை கெட்டுப்போகும். மறுபடி மயக்கமருந்து, மறுபடி செலவு.

முடிந்த பிறகு இரண்டொரு நாள் எரிச்சலும் இளஞ்சிவப்பு நிறமும் இருக்கும். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாமை, இந்த மூன்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை.

ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

நான்கு பதில் இருக்க வேண்டும். கெரட்டின் உள்ளதா? டிஸ்பிளேசியா, அதாவது செல்களின் ஒழுங்கு குலைந்திருக்கிறதா, இருந்தால் எந்த அளவு? உட்படலமும் தசையும் சதையில் வந்திருக்கின்றனவா? கூடவே காசநோய்க் கட்டியோ ஒட்டுண்ணியின் முட்டையோ யூரோதீலியப் புற்றோ தெரிகிறதா? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

அரிய நோய் என்பதால் இரண்டாவது பேத்தாலஜிஸ்ட் பார்ப்பது நல்லது. அதற்கு ரிப்போர்ட்டின் நகல் உதவாது; கண்ணாடி ஸ்லைடும், மெழுகில் பதித்த பிளாக்கும் வேண்டும். எழுதிக்கொடுத்தால் லேபில் தருவார்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள மகன் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறேன் என்று வாட்ஸ்ஆப்பில் போட்டோ கேட்பது வழக்கமாகிவிட்டது. போட்டோவைப் பார்த்து அவர் சொல்வது அரட்டை. ஸ்லைடைப் பார்த்துச் சொல்வதே கருத்து.

திட்டை விட்டுவிட்டு, உரசலை நிறுத்துங்கள்

கல் இருந்தால் எடுக்க வேண்டும். அடைப்பு இருந்தால் நீக்க வேண்டும். தொற்றைக் கல்ச்சர் காட்டும் மருந்தால், சொன்ன நாள் வரைக்கும் முடிக்க வேண்டும். கதீட்டர் தவிர்க்கக் கூடியதென்றால், நாளுக்கு 4 முதல் 6 முறை தானே டியூப் விட்டு எடுத்துக்கொள்ளும் முறைக்கு மாறுவது பைக்கு எவ்வளவோ மேல். கையால் செய்ய முடிகிறவர்கள் இரண்டொரு நாளில் பழகிவிடுவார்கள். ‘ஆச்சியால இதெல்லாம் முடியாது’ என்று வீட்டார் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்; கண்ணாடி வைத்துக் கற்றுக்கொடுத்தால் ஆச்சியே செய்துகொள்வார்.

சின்னத் திட்டை டியூப் வழியாகவே வெட்டியெடுத்துவிடலாம். எடுத்தபின் காரணம் அப்படியே இருந்தால் திரும்ப வரும். வைட்டமின் ஏ மாத்திரை சிலருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலன் உறுதியானதாக இல்லை, அளவு மீறினால் கல்லீரலுக்குக் கேடு. பையின் பாதிக்கு மேல் படர்ந்து, பை சுருங்கி, சிறுநீரகத்துக்கும் அழுத்தம் போகிறதென்றால் பையையே எடுப்பது பற்றிப் பேச்சு வரும். அது ஒருவர் முடிவு செய்யும் காரியமல்ல. யூராலஜி குழுவோடு உட்கார்ந்து பேச வேண்டியது.

ஆண்டுக் கணக்கு

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அட்டவணை கிடையாது. பரவலாகப் பின்பற்றப்படுவது ஆண்டுக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோப்பி, தேவைப்படும் இடத்தில் சதை. காரணத்தை நீக்கிய பிறகு சில மாதத்தில் ஒருமுறை பார்த்து, திட்டு குறைகிறதா என்று உறுதி செய்துகொள்வது நியாயமான தொடக்கம். டிஸ்பிளேசியா இருந்தாலோ, பாதிக்கு மேல் படர்ந்திருந்தாலோ இடைவெளியைச் சுருக்க வேண்டும். திட்டே மறைந்து, காரணமும் இல்லை என்றால் நீட்டலாமா என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். கூடவே ஆண்டுதோறும் சிறுநீரக ஸ்கேன், கிரியாட்டினின், ரொட்டீன், சைட்டாலஜி.

புற்று வந்தவர்களில் சிலருக்கு அது பத்தாண்டுக்கு மேல் கழித்து வந்திருக்கிறது. மூன்று ஆண்டு நன்றாக இருந்ததும் நான்காம் ஆண்டை விட்டுவிடுவதுதான் சகஜம். கோயில் திருவிழாவோ குலதெய்வப் படைப்போ ஏதாவது ஒன்று ஆண்டுதோறும் ஊரில் நடக்கும்; அந்த மாதத்தோடு இதைச் சேர்த்து வைத்தால் மறக்காது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் அப்போது உடனிருப்பார்கள்.

ஒரு நீளமான நோட்டு போதும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பக்கம். டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய மாதிரி இப்படி இருக்கும்:

நாள். செய்த காரணம். கல்ச்சர்: கிருமி இல்லை. பை கொண்ட அளவு: 320 மி.லி. திட்டு: டிரைகோனிலிருந்து இடது பக்கச் சுவர் வரை, சுமார் 2 செ.மீ.; மொத்தப் பையில் நாலில் ஒன்றுக்கும் குறைவு. சிறுநீரகக் குழாய் வாய்கள்: இரண்டும் தெளிவு. சதை: 4 குப்பி, இடம் வாரியாக. பேத்தாலஜி எண். முடிவு: கெரட்டின் உண்டு, டிஸ்பிளேசியா இல்லை, தசை உண்டு. போன முறையோடு: மாற்றமில்லை. அடுத்து வர வேண்டிய தேதி.

‘திட்டு உள்ளது’ என்று மட்டும் எழுதிய குறிப்பால் அடுத்த ஆண்டு எதையும் ஒப்பிட முடியாது. ஒரு வட்டம் வரைந்து திட்டை அதில் நிழலிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. கேமராப் படங்களைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். தாளில் அச்சிட்ட படம் நாளடைவில் மங்கிவிடும்.

இரண்டு கேமராவுக்கு இடையில் வீட்டில் செய்யக் கூடியது மூன்று நாள் சிறுநீர்க் கணக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி போதும். போகும் நேரம், மி.லி., எரிச்சல் உண்டா, ரத்தம் உண்டா. சாதாரணமாக ஒரு பெரியவரின் பை 300 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். போன முறை அதிகபட்சம் 300 வந்தது, இப்போது எவ்வளவு அடக்கினாலும் 150 தாண்டவில்லை என்றால் பை சுருங்குகிறது. நோயாளிக்கே தெரியாமல் மெல்ல நடக்கும் இந்த மாற்றத்தை ஜாடி காட்டிவிடும்.

கல் உள்ளவர்களுக்குத் தண்ணீர்க் கணக்கும் இதில் அடங்கும். குடித்த அளவைவிட வெளியே வரும் அளவு முக்கியம்; நாளைக்கு சுமார் இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். நம் ஊர் வெயிலில் வியர்வையாகப் போவது போக அவ்வளவு வரவேண்டுமென்றால் குடிப்பது மூன்று லிட்டரைத் தாண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

அடுத்த ஆண்டுத் தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டியவை: கண்ணுக்குத் தெரியும் ரத்தம், ஒரே ஒரு முறை வந்து நின்றாலும், விலாப்புறத்தில் வலியும் ஸ்கேனில் புதிய வீக்கமும், காரணம் தெரியாத எடைக்குறைவு, கதீட்டர் வழக்கத்தைவிட அடிக்கடி அடைப்பதும் ஓரத்தில் கசிவதும். கடைசியாகச் சொன்னதற்குப் பெரும்பாலும் பெரிய டியூப் போட்டு அனுப்பிவிடுவார்கள். டியூப் மாற்றியும் ஒரு மாதத்துக்குள் மறுபடி அடைத்தால் உள்ளே கல்லா, செதிலா, வேறு ஏதாவதா என்று கேமராவில் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அப்போது நோட்டும் கையில் இருக்கட்டும்.